படமா, குழாயா

மூச்சை உள்ளே இழுங்க என்கிறது குரல், இழுக்கிறேன். வெளியே விடுங்க, விடுகிறேன். உள்ளே இழுங்க, அப்படியே நிறுத்துங்க. நிறுத்தியதும் தொடங்கிவிடுகிறது அந்த இடி, தகரக் கூரைமேல் எவனோ செங்கல் செங்கலாக எறிகிற மாதிரி, எறிகிறவனுக்கு என்மேல் சொந்தப் பகை ஏதோ இருக்கிற மாதிரி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறேன். மூக்குக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை வெள்ளைக் கூரை, கண்ணைத் திறந்தால் அதுதான், மூடினால் அதைவிடப் பெரிதாக அதுதான். யார் இந்தப் பெண், இப்படி ஆணையிடுகிறவள், எந்த ஊர்க்காரி, என்றைக்கோ ஒரு அறையில் உட்கார்ந்து ஒரே தடவை பேசிப் பதிந்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போயிருப்பாள், நாங்கள் மட்டும் அவள் சொல்லும்போதெல்லாம் காலத்துக்கும் மூச்சை நிறுத்திக்கொண்டு கிடக்க வேண்டும். நிறுத்துங்க என்கிறாளே தவிர எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்வதில்லை. எந்த ஊர் நியாயம் இது, ஒருத்தியை மூச்சு விடாதே என்றால் எதுவரைக்கும் என்றும் சொல்ல வேண்டாமா. சாதாரணமா மூச்சு விடலாம் என்கிறாள். விடுகிறேன். நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ.

வயிற்றின்மேல் படம் பிடிக்கிற ஒரு தட்டு, அதற்கு மேலே பட்டை, பட்டைக்கு மேலே போர்வை, காதில் பஞ்சும் அதன்மேல் ஹெட்போனும், இடது உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்து. பயமா இருந்தா இதை அமுக்குங்க, உடனே வெளிய எடுத்திருவேன், ஆனா அமுக்கிட்டீங்கன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் பாப்பா என்றான் ஸ்கேன் டெக்னீஷியன். சட்டைப் பையில் ஜெபசிங் என்று பெயர்ப்பட்டை. பாப்பா இல்லை சார், எம்.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம் என்றேன். சரிங்க மேடம் என்றான், அந்த மேடத்தில் பாப்பா அப்படியே இருந்தது. என் பெயரைப் படித்துவிட்டுச் சிரிப்பு வேறு, ஆவுடைத்தங்கமா, தங்கம் வெள்ளி எல்லாத்தையும் வெளிய வச்சிட்டுத்தான் உள்ள வரணும், நீங்க எப்படி வரப்போறீங்கன்னு பாப்பம். கம்மல் மூக்குத்தி கொலுசு கொண்டை ஊசி இரும்பு எதுவும் உடம்பில் இருக்கா என்று ஒன்றொன்றாகக் கேட்டான். இல்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னா இல்லை சார், எத்தனை தடவை கேப்பீங்க என்றேன். இத்தனை பந்தோபஸ்தும் என் ஈரலிலிருந்து குடலுக்கு இறங்குகிற ஒரு குழாயைப் பார்ப்பதற்கு. பித்தநாளம். புல்தண்டு பருமன்கூட இருக்காது. அதற்குள் ஒரு கல் உட்கார்ந்து வழியை அடைத்திருக்கிறதா இல்லையா, இவ்வளவுதான் கேள்வி. இந்தப் படத்தில் கல் இல்லையென்றால் நாளைக்கு வீடு. இருந்தால் நாளைக்குக் காலையில் வாய் வழியாகக் குழாய். அப்படித்தான் டாக்டர் தேவசகாயத்தோடு பேசி முடித்தது, பேசி முடித்தது என்றால் நான் பேசினேன், அவர் முடித்தார்.

மூச்சை உள்ளே இழுங்க. இழுக்கிறேன். ஹாஸ்டல் கண்ணாடியில் முகம் கழுவி நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், கண்ணின் வெள்ளை பழைய பேப்பர் நிறத்தில் இருந்தது. அதற்கு முந்தின வாரம் பரோட்டா தின்ற ராத்திரி வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடி, யாரோ உள்ளே கையை விட்டு முறுக்கின மாதிரி. அல்ட்ராசவுண்டில் பித்தப்பை நிறையக் கடுகு கடுகாய்க் கல் என்றார்கள், நாளம் கொஞ்சம் அகண்டிருக்கிறது என்றார்கள், ஒரு கல் இறங்கி அதில் மாட்டியிருக்கக் கூடும் என்றார்கள். கூடும். அப்படியே நிறுத்துங்க. கூடும் என்பதை வைத்துக்கொண்டு இன்னொருத்தி தொண்டையில் குழாயை இறக்க இவர்களுக்குக் கை வருகிறது. டாக்டர் தேவசகாயம் நல்ல மனுஷர்தான், அது வேறு. எண்டோஸ்கோப்பியில போயிட்டா ஒரே வேலைம்மா, பாக்கவும் செய்யலாம், கல் இருந்தா அங்கனயே எடுத்துப் போடவும் செய்யலாம், படம் காட்டத்தான் செய்யும், எடுக்காது என்றார். கல் இல்லைன்னா சார். இல்லைன்னு தெரிஞ்சிரும்லா. அதைத் தெரிஞ்சுக்க வாய் வழியா குழாயை விட்டு, பித்தநாளத்து வாயைத் துழாவிக் கண்டுபிடிச்சு, மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுக்கணுமா, பூட்டை உடைச்சு உள்ள போயி வீட்டுல ஆளே இல்லைன்னு சொல்லுத கதையால்லா இருக்கு என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும், அது இருந்தால் மூன்று மணி நேரம் பேசுவேன். நீங்க வக்கீலுக்கா படிக்கீங்க என்றார் டாக்டர். புள்ளியியல். அது அதைவிட மோசமாச்சே.

அல்ட்ராசவுண்ட் எடுத்த ராத்திரியே எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தேன், இரண்டு சோதனைகளையும் ஒப்பிட்டு எவரெவர் என்னென்ன எழுதியிருக்கிறார் என்று. நாளத்தில் கல் இருக்கிற நூறு பேரை இந்தக் காந்தப்பொறிக்குள் படுக்கவைத்தால் தொண்ணூறு பேருக்குக் குறையாமல் படம் காட்டிக்கொடுத்துவிடுகிறது, கத்தியில்லை குழாயில்லை மயக்கமில்லை. குழாய் விட்ட நூறு பேரில் நாலைந்து பேருக்காவது கணையம் வீங்குகிறது. அப்படியிருக்க, பார்ப்பதற்கு மட்டும் எதற்குக் குழாய், பார்ப்பதற்குப் படம், எடுப்பதற்குக் குழாய், இது என்ன பெரிய வேதமா. டாக்டரும் விடவில்லை. சோறு பருக்கையளவு கல்லுன்னா படத்துக்கு அகப்படாமப் போகலாம்மா, படம் இல்லைன்னு சொல்லி வீட்டுக்குப் போன பொறவு குளிர்காய்ச்சல் வந்து நாளம் சீழ் பிடிச்சு வந்தவங்களை நான் பாத்திருக்கேன் என்றார். நான் எங்கள் சித்திக்குக் குழாய் விட்ட கதையைச் சொன்னேன். அவர், ஒருத்தங்களை வச்சுக் கணக்குப் போடக்கூடாதுன்னு உங்க பாடத்துலயே இருக்குமே என்றார். இருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே இருக்கிறது. அந்த நூத்துல அஞ்சு பேருல ஒருத்தி எங்க வீட்டு அடுக்களையில நின்னவ சார் என்றேன், இப்போது நர்ஸ் சிரிக்கவில்லை. சரி, படம் எடுப்போம் என்றார், கல் இல்லைன்னா நீங்க ஜெயிச்சீங்க, இருந்ததுன்னா இதுவரைக்கும் பேசுன வாயை எனக்குத் திறந்து காட்டணும், அவ்வளவுதான் ஒப்பந்தம். சாதாரணமா மூச்சு விடலாம். விட்டேன். மூச்சு வெளியே போய்க் கூரையில் மோதி என் முகத்துக்கே திரும்பி வருகிறது, அதில் அன்னாசிப் பழ வாசனை.

அன்னாசிச் சாறு. இங்கே படுக்கிறதற்கு முன்னால் ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தார்கள், இந்தப் படத்தில் தண்ணீர்தான் வெள்ளையாய் ஒளிருமாம், இரைப்பையில் கிடக்கிற தண்ணீரும் சேர்ந்து ஒளிர்ந்தால் பித்தநாளம் தனியாகத் தெரியாதாம், அன்னாசிச் சாறு போனால் இரைப்பை கருத்துவிடும், நாளம் மட்டும் வெள்ளையாய் நிற்கும், கல் இருந்தால் அந்த வெள்ளைக்குள் கருப்புப் பொட்டாய்த் தெரியும். அம்மா தம்ளரைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. காமாலைக்கு அன்னாச்சிப் பழமா, சூடுல்லா அது, இவனுவ வைத்தியம் பாக்கானுவளா கொல்லுதானுவளா. ஏற்கெனவே ஒரு வாரமாகக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் என்று என் சோற்றைப் பிண்டமாக்கி வைத்திருந்தவள். கல் அடைச்சிருந்தா எலை எப்படிம்மா கரைக்கும் என்றால், உங்க டாக்டர் இன்னும் கல் இருக்கான்னே கண்டுபிடிக்கல, நீ கரைக்கதைப் பத்திப் பேசுத என்பாள். என் வாய் எங்கிருந்து வந்தது என்று ஊரில் கேட்பார்கள், அப்பா வழியில்லை. ஜாக்கெட் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தால் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டுதான் பேசுவாள், அப்போதும் ஜெயிப்பாள்.

மூச்சை உள்ளே இழுங்க. சித்தி பெயர் செண்பகக்கனி. அம்மாவுக்கு நேரே இளையவள். எனக்கு அப்போது பதினொரு வயது, சித்திக்குக் கண் மஞ்சளாய் இருந்தது, அதைப் பார்த்து உன் கண்ணு பூனைக்கண்ணு சித்தி என்று சொன்னேன், சிரித்தாள். அப்படியே நிறுத்துங்க. சித்தியைச் சேர்த்த ஊரில் அப்போது இந்த மாதிரிப் படமெடுக்கிற பொறி கிடையாது, சும்மா குழாய் விட்டுப் பாத்திரலாம் என்றார்கள். சும்மா. அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் எவர் சொன்னாலும் விடுவதில்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள், கல் இல்லை. போன வழியில் கணையம் கோபித்துக்கொண்டது, வயிறு வீங்கியது, பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துருவா என்றார்கள், பொங்கலுக்கு நாங்கள் அடுப்பே மூட்டவில்லை. இல்லாத கல்லைத் தேடிப் போய் இருந்த ஆளைத் தொலைத்தார்கள், இதைத்தான் எத்தனை பட்டிமன்ற மேடையில், எத்தனை பேரிடம், ஹாஸ்டல் மொட்டைமாடியில், பஸ்ஸில், நேற்று டாக்டரிடம். ஆனால் அம்மா சொல்கிற காரணம் வேறு. அம்மாவுக்குக் கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே இன்னும் நம்பிக்கையில்லை. சித்தி படுத்ததும் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசு முடிந்து, இவ நல்லபடியா எந்திரிச்சு வந்தா கொண்டுவந்து செலுத்துதேன் தாயே என்று நேர்ந்து, வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எல்லாரும் செய்கிறதுதான், எந்த வீட்டில் இல்லை. அது பலிக்காமல் போனதற்கு அம்மா யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த காரணத்தை ஒரு நாள் பட்டன் துளை தைத்துக்கொண்டே சொன்னாள். காசு இங்கன கெடந்துச்சு, அவ உடம்பு அங்கன கெடந்துச்சு, தாயி எங்கேன்னு தேடுவா, சொல்லு. மூச்சு நெஞ்சை முட்டுகிறது, இன்னும் சொல்லமாட்டேன் என்கிறாள் இந்தக் குரல்காரி, விடலாம் என்று சொல், சொல்லேன். சாதாரணமா மூச்சு விடலாம்.

ஹெட்போனில் இப்போது உயிருள்ள குரல். மேடம், ஜெபசிங் பேசுதேன், நடுவுல மூச்சு விட்டுட்டீங்களோ. விடவில்லை என்று கூரையைப் பார்த்துச் சொல்கிறேன், அவனுக்குக் கேட்கிறதோ இல்லையோ. இல்ல, ஈரல் பக்கத்துல ஒரு இடம் கருப்பா விழுது, படம் சரியா வரல, வாயுவா இருக்கலாம், அசையாம இருங்க, இன்னொருக்க எடுத்துப் பாக்கேன். பட்டென்று குரல் போய்விட்டது. கருப்பா. ஈரல் பக்கத்தில். ஒரு மனிதனிடம் இப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைக்க எப்படி மனசு வருகிறது, எவ்வளவு கருப்பு, பொட்டா, கோடா, உருண்டையா, நாளத்தின் மேலா பக்கத்திலா, இதையெல்லாம் சொல்லாமல் கருப்பா என்றால் என்ன அர்த்தம். கல்தான். இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது, கடுகு. நாளைக்குக் காலையில் என்னை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள், பல்லுக்கு நடுவே ஒரு வளையத்தைக் கவ்வக் கொடுப்பார்கள், அதற்கப்புறம் ஒரு பேச்சும் பேச முடியாது. பேச்சு இல்லாமல் நான் யார் என்று யோசிக்கிறேன், ஒரு ஈரல், ஒரு நாளம், ஒரு பை நிறையக் கடுகு. அந்தக் கருப்பு என்று அவன் சொன்ன இடத்தை உள்ளிருந்தே தொட்டுப் பார்க்கப் பார்க்கிறேன், வலது விலாவுக்குக் கீழே. அங்கே ஏதோ இருக்கிறது. இருக்கத்தான் செய்கிறது. உள்ளே இல்லை. வெளியே. தட்டுக்கு அடியில், துணிக்கும் தோலுக்கும் நடுவே, சின்னதாய், கடினமாய், எதையோ நோக்கி எம்பிக்கொண்டு நிற்கிறது.

படுக்கை உள்ளே நகர்ந்தபோது ஒரு வெடுக் இருந்தது. இப்போது நினைவுக்கு வருகிறது. யாரோ சட்டை நுனியைப் பிடித்து மேலே இழுத்த மாதிரி, நரம்பு துள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டேன், பயத்தை நான் எப்போதும் நரம்பு என்றுதான் எழுதிவைப்பேன். அதற்கு முன்னால் உடை மாற்றுகிற அறை. ஆஸ்பத்திரி அங்கி, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாய் மடித்து வலது பக்கத்தில் கயிறு கட்ட வேண்டும், ஒரு கயிறு அறுந்துபோயிருந்தது. இரு இரு, அம்மணமாவா போவ என்று அம்மா உள்ளே வந்தாள். கையைத் தூக்கு என்றாள். தூக்கினேன். நான் அப்போதும் பேசிக்கொண்டிருந்தேன், கீழாநெல்லியைப் பற்றி, சோதனை செய்யாத மருந்தைப் பற்றி, சுவரைப் பார்த்துக்கொண்டு. அம்மாவின் கை விலாவுக்குக் கீழே ஒரு துணி குத்துகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அம்மா பதிலுக்குப் பதில் பேசவில்லை. அம்மா பதில் பேசவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும், அது கண் மஞ்சளாவதைவிடப் பெரிய அறிகுறி. அம்மாவின் தாலிச் சங்கிலியில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். அறையைவிட்டு வெளியே வரும்போது ஒன்றுதான் இருந்தது, பார்த்தேன், பார்த்தும் பார்க்கவில்லை. ஊக்கு மட்டுமில்லை. ஊக்கு இவ்வளவு பெரிசாய் எம்பாது. வட்டமாய் இருக்கிறது விளிம்பு. ஒரு ரூபாய்க் காசு, மஞ்சள் துணியில் முடிந்தது. இந்தத் தடவை காசையும் உடம்பையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டாள். தாயி தேட வேண்டாம். அம்மாவின் ஆராய்ச்சியில் ஒரே ஒரு மாற்றம்தான், ஒன்றை மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்ப்பது, எங்கள் துறையில் இதைத்தான் முறை என்பார்கள். சிரிப்பு வருகிறது, சிரித்தால் வயிறு ஆடும், வயிறு ஆடினால் படம் கெடும், படம் ஏற்கெனவே கெட்டாயிற்று.

மூச்சை உள்ளே இழுங்க. இரும்பு இருந்தால் அதைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவுக்குப் படம் செத்துப்போகும், படித்திருக்கிறேன். அப்படியானால் கருப்பு, காசு. கல் இல்லை. அப்பாடா. வெளியே விடுங்க. பந்தை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஜெபசிங் வருவான், தட்டைக் கழற்றுவான், காசைப் பார்ப்பான், யாரு வேலை இது என்பான், அம்மா வெளியே நாற்காலியில் இருக்கிறாள், அத்தனை பேருக்கு முன்னால் படிக்காத சனம் என்று ஒரு வார்த்தை விழும், அது அம்மாவின் முகத்தில் எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். அது மட்டும்தானா. அப்படியே நிறுத்துங்க. அது மட்டுமில்லை. பந்தைச் சுற்றி விரல் மடங்குகிறது, அமுக்கவில்லை. ஏன் அமுக்கவில்லை. ஏனென்றால் இந்தக் காசு அங்கேயே இருந்தால் நாளைக்கு டாக்டர் என்ன கருப்பைக் காட்டினாலும் நான் சொல்லலாம், அது காசு சார், படம் கெட்டுப்போனது சார், கெட்ட படத்தை வைத்து யாருக்கும் குழாய் விட முடியாது சார். அவர் இன்னொரு படம் என்பார், பொறி காலியாக இருக்காது, அடுத்த வாரம் என்பார்கள், அடுத்த வாரம் கண் வெளுத்திருக்கும், வெளுக்காவிட்டாலும் வேறொரு காரணம் அகப்படும், எனக்கா அகப்படாது, எத்தனை மேடை ஏறியிருக்கிறேன். காசு ஒரு நல்ல வாதம். எந்தப் பக்கமும் தீராத வாதம். இதைவிட நல்ல தாயத்தை அம்மாவால்கூட யோசித்திருக்க முடியாது. இடி இப்போது மாறிவிட்டது, செங்கல் போய் ரம்பம், ரம்பம் அறுக்கிறது, நீளமாய், பக்கவாட்டில்.

அப்படியென்றால் நான் நேற்று டாக்டரிடம் எதற்கு அத்தனை பேசினேன். படம் தெளிவாகக் காட்டும் என்றேன். தெளிவுக்காகத்தான் சண்டை என்றேன். பார்க்க வேண்டும், முதலில் பார்க்க வேண்டும், பார்க்காமல் கை வைக்காதீர்கள் என்று மேசையைத் தட்டினேன். இப்போது பார்க்கிற இடத்தில் காசை வைத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மாவாவது நம்பி வைத்தாள். காசுக்குப் பின்னால் கல் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் அது எனக்காகக் காத்திருக்காது, டாக்டர் சொன்ன குளிர்காய்ச்சல் ஏதோ ஒரு சாயங்காலம் ஹாஸ்டல் கட்டிலில் வந்து ஏறும், அப்போதும் நான் போர்வைக்குள் இருந்து வாதம் பண்ணிக்கொண்டிருப்பேன், மலேரியாவாகவும் இருக்கலாம் என்று. சித்தியைத் தொலைத்தது குழாய். என்னைத் தொலைப்பதற்கு என் வாயே போதும். மூச்சு முட்டுகிறது. கூரை இறங்கி வருகிறது, வரவில்லை, தெரியும், ஆனாலும் வருகிறது. கால் பெருவிரலை அசைக்கிறேன், அது வெகுதூரத்தில் யாருடைய கால் மாதிரியோ அசைகிறது. விடலாம் என்று அவள் சொல்வதற்கு முன்பே மூச்சை விட்டுவிட்டேன். விட்ட கையோடு பந்தை அமுக்கினேன்.

இடி நின்றது. நின்றதும் உலகத்தில் எத்தனை அமைதி இருக்கிறது என்று தெரிந்தது. படுக்கை வெளியே வழுக்கியது, அப்போதும் விலாவில் அந்த வெடுக், போகாதே என்கிற மாதிரி. ஜெபசிங் ஓடிவந்து ஹெட்போனைக் கழற்றினான். என்ன மேடம், பயந்துட்டீங்களா. தட்டை எடுங்க, அடியில இரும்பு இருக்கு என்றேன். பட்டையை அவிழ்த்துத் தட்டைத் தூக்கினதும் அங்கியோடு குத்தின மஞ்சள் முடிச்சு பொறியைப் பார்த்து நிமிர்ந்து நின்றது, படமெடுத்த பாம்புக்குட்டி மாதிரி. அவன் அதையே பார்த்தான். முதலில் என்னை இறக்கிக் கைத்தாங்கலாய் அறைக்கு வெளியே சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தான். யாரு குத்துனது இதை. நாற்காலியிலிருந்து அம்மா எழுந்துவிட்டாள். கை தாலிச் சங்கிலிக்குப் போய் அந்த ஒற்றை ஊக்கைப் பிடித்துக்கொண்டது. எய்யா, அது வந்து என்று ஆரம்பித்தாள். நான்தான் என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். கயிறு அறுந்திருந்துச்சு, நான்தான் குத்திக்கிட்டேன், காசும் என்னோடதுதான்.

அத்தனை தடவை கேட்டேன்லா என்றான் ஜெபசிங். எத்தனை தடவை கேப்பீங்கன்னு எம்மேல பாஞ்சீங்க. இது பிச்சுக்கிட்டுப் போயி கண்ணுல அடிச்சிருந்தா யாரு பதில் சொல்லுதது. எழுதப்படிக்கத் தெரியாதவங்க செஞ்சாக்கூட போகட்டும்ங்கலாம், எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளை, காசு முடிஞ்சு வச்சுக்கிட்டு காந்தத்துக்குள்ள வந்து படுப்பீங்களா. இதுக்கு என்னிடம் மூன்று பதில் இருந்தது. அங்கிக்கு ஒழுங்காகக் கயிறு வைப்பது உங்கள் வேலை. வாயால் கேட்பதற்குப் பதில் ஒரு சோதனைக் கருவியை உடம்பில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். முதல் படத்தில் கருப்பு விழுந்தபோதே வாயு என்று நீங்களாக முடிவு செய்யாமல் என்னைக் கேட்டிருக்கலாம். மூன்றும் சரியான பதில்கள். வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. அம்மாவின் விரல்கள் ஊக்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன, திறந்து மூடிக்கொண்டிருந்தன. தப்புதான் சார் என்றேன். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி விடுங்க, வேற அங்கி தாரேன், திருப்பி எடுப்பம் என்று போனான்.

அம்மா முடிச்சை ஒரு நூல் கிழியாமல் கழற்றினாள். இப்பம் ஒண்ணுமில்லாமல்லா உள்ள போற என்றாள், மெதுவாக. நீ இங்கன இருக்கேல்லா, கையில வச்சுக்கோ. தூரம்ட்டி. சுவர் ஒண்ணுதானம்மா. அவ அன்னைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தா என்றாள் அம்மா. அவள் விரல்களை மஞ்சள் துணிமேல் மடக்கிவிட்டேன். கல் இருந்துச்சுன்னா என்றாள். இருந்துச்சுன்னா நாளைக்குக் குழாய்ம்மா, சித்திக்குக் கல் இருக்கான்னே தெரியாம விட்டாங்க, எனக்குத் தெரிஞ்சு விடுவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அது பெரிய வித்தியாசமா. தெரியலம்மா என்றேன். என் வாழ்நாளில் அம்மாவிடம் முதல் தடவையாக இந்தச் சொல்லைச் சொன்னேன் என்று நினைக்கிறேன், அவளும் ஜெயித்த மாதிரித் தெரியவில்லை. புதிய அங்கிக்கு இரண்டு கயிறும் இருந்தன. அம்மா சுருக்கு விழாமல் கட்டிவிட்டாள், கட்டி முடித்ததும் உள்ளங்கையை அந்த இடத்தில், வலது விலாவுக்குக் கீழே, ஒரு முறை அழுத்தி எடுத்தாள்.

மறுபடி தட்டு, மறுபடி பட்டை, போர்வை, பஞ்சு, பந்து. இரும்பு எதுவும் இருக்கா மேடம் என்று கேட்டான் ஜெபசிங், சிரிக்காமல். நான் அங்கியின் மடிப்பையும் தலைமயிரையும் காதையும் தடவிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். படுக்கை உள்ளே நகர்கிறது. இந்தத் தடவை விலாவில் வெடுக் இல்லை, யாரும் எதையும் பிடித்து இழுக்கவில்லை, அந்த இடம் வெறுமையாய் இருக்கிறது, அம்மாவின் கை வைத்த சூடு மட்டும் கொஞ்சம், அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. மூக்குக்கு மேலே அதே கூரை. இனி அங்கே கருப்பு விழுந்தால் அது என்னுடையதுதான், வேறு யாருடையதும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூச்சை உள்ளே இழுங்க என்கிறது குரல். இழுக்கிறேன். வெளியே விடுங்க. விடுகிறேன். உள்ளே இழுங்க. அப்படியே நிறுத்துங்க. எவ்வளவு நேரம் என்று இப்போதும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. நிறுத்தினேன்.